கடல் தெரியும் வீட்டில் வெள்ளையும் நீலமும்

கொட்டிவாக்கத்தில் மூன்றாம் மாடி, இரண்டு படுக்கையறை, பத்து வருடக் கட்டடம், ஹால் பால்கனியில் நின்றால் கடல். இணையத்தில் பார்த்த ‘கோஸ்டல் ஸ்டைல்’ படங்கள் மாதிரி ஹாலை மாற்ற ஆசை. வெள்ளைச் சோபா, நீலக் குஷன், கிளிஞ்சல் ஜாடி, சுவரில் ஒரு நங்கூரம், கயிறு சுற்றிய வட்டக் கண்ணாடி. கண்ணாடியை ஏற்கெனவே வாங்கியாயிற்று. மிச்சத்தில் எதை முதலில் வாங்குவது என்று கேட்டிருந்தீர்கள்.

பட்டினப்பாக்கத்திலிருந்து மாமல்லபுரம் வரை இந்தக் கரையோர வீடுகளில்தான் பதினேழு வருடமாக எனக்கு வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: ஒரு மாதத்துக்கு எதையும் வாங்காதீர்கள்.

அந்தப் படங்களில் பாதிக்கு மேல் அமெரிக்காவின் கிழக்குக் கரையைப் பார்த்து எடுத்தவை. நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டின் முனையில் ஹாம்ப்டன்ஸ் என்று பணக்காரர்களின் கோடைக்கால ஊர்கள் இருக்கின்றன. அங்கிருந்து வந்ததுதான் இந்தப் பாணி. கோடையில் திறந்து, குளிருக்குப் பூட்டிவைக்கிற வீடுகள். பாய்மரப் படகு அங்கே பொழுதுபோக்கு, அதனால்தான் சுவரில் நங்கூரமும் சுக்கானும். அந்த ஊர் ஏறக்குறைய 41 டிகிரி வடக்கில் இருக்கிறது. நாம் 13 டிகிரியில். அங்கே சாய்ந்து வரும் வெயிலில் வெள்ளைச் சுவர் இதமாகத் தெரியும். நமக்கு மே மாதம் காலை ஏழரைக்கே கண் கூசும். ‘கிரேக்கத் தீவுகளில் நல்ல வெயில்தானே, அங்கேயும் வெள்ளைதானே’ என்பீர்கள். அங்கே வெள்ளை பெரும்பாலும் வெளிச்சுவரில், வெயிலைத் திருப்பி அனுப்புவதற்காக. பழைய வீடுகளில் ஜன்னலும் சின்னது. உங்கள் ஹாலில் எட்டடிக்குக் கண்ணாடிக் கதவு இருக்கும். எட்டடிக் கண்ணாடிக்கு எதிரே பளபளக்கிற தூய வெள்ளைச் சுவர் வைத்தால் காலையில் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டுதான் காபி குடிக்க வேண்டும்.

இன்னொன்று, உங்கள் வீட்டுக்குள் கடல் தினமும் வந்துகொண்டுதான் இருக்கிறது. பால்கனிக் கண்ணாடியை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள், உப்புக் கரிக்கும். அந்த உப்போடு எது ஒத்துப்போகிறதோ அதை மட்டும் வைத்தால், பாதி அலங்காரம் தானாக முடிந்துவிடும்.

நான் ஒவ்வொரு வீட்டிலும் செய்கிற ஒரு சின்ன வேலை உண்டு. வாங்கப்போகிற கைப்பிடி, கீல், ஸ்க்ரூ, திரைச்சீலை வளையம், துணித் துண்டு, ப்ளைவுட் துண்டு எல்லாவற்றிலும் ஒவ்வொன்று எடுத்து, ஒரு எவர்சில்வர் தட்டில் பரப்பிக் கடல் பக்கப் பால்கனியில் மழை படாத மூலையில் ஒரு மாதம் வைத்துவிடுவேன். மழை படாத மூலை என்பது முக்கியம். மழையில் நனைகிற இரும்புதான் சீக்கிரம் கெடும் என்று நினைப்போம். உப்புக் காற்றில் கதை வேறு: மழை உப்பைக் கழுவிவிடும், கூரைக்கு அடியில் ஒதுங்கியிருப்பதன் மேல்தான் உப்பு படிந்துகொண்டே போகும். வேண்டுமானால் உங்கள் பால்கனிக் கிரில்லையே பாருங்கள். மேல்பாதியில், கூரையை ஒட்டிய இடத்தில்தான் துரு அதிகமாக இருக்கும்.

இந்தப் பழக்கம் எனக்கு ஒருமுறை சூடு பட்ட பிறகு வந்தது. நீலாங்கரையில் ஒரு வீட்டில் அலமாரி, கிச்சன் எல்லாவற்றுக்குமாக அறுபத்து நான்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கைப்பிடி மாட்டினேன். கடைக்காரர் ‘முந்நூற்று நாலு ரகம் சார், காந்தம் ஒட்டாது பாருங்க’ என்று காந்தத்தை வைத்தே காட்டினார். நாற்பதாவது நாள் வீட்டுக்கார அம்மா போன் பண்ணி, ‘தம்பி, எல்லாத்துலயும் டீ கொட்டின மாதிரி இருக்கு’ என்றார். போய்ப் பார்த்தால் கைப்பிடி வளைகிற இடத்தில் எல்லாம் பழுப்புப் புள்ளி. தொழிலிலும் அதற்கு டீ ஸ்டெயின் என்றுதான் பெயர். அறுபத்து நான்கையும் என் செலவில் மாற்றினேன். காந்தப் பரீட்சையை அன்றோடு விட்டேன். சந்தையில் மலிவாக வருகிற 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது, 304-லும் ஒட்டாது, 316-லும் ஒட்டாது. அதை வைத்து ஒன்றும் தெரியாது.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் காப்பது அதன் மேல் இருக்கும் குரோமியம் ஆக்சைடு படலம். உப்பிலுள்ள குளோரைடு அதை அங்கங்கே துளைக்கும். 202-இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைச் சேர்த்திருப்பார்கள், கடலோரத்துக்கு ஆகாது. 304-இல் சுமார் 8 சதவீதம் நிக்கல்; உள்ளறைகளுக்குப் போதும், வாரம் ஒருமுறை ஈரத் துணியால் துடைத்தால் நன்றாகவே இருக்கும். 316-இல் கூடுதலாக 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் உண்டு. பால்கனி, கடல் பக்க ஜன்னல், கொடி மாட்டும் கொக்கி இவற்றுக்கு அதுதான். விலை அதிகம், அதனால் வீடு முழுக்க வேண்டாம். பில்லில் ரகத்தின் எண்ணை எழுதச் சொல்லுங்கள்; எழுத மாட்டேன் என்கிற கடையில் வாங்க வேண்டாம். ஸ்டீலே வேண்டாம் என்றால் பித்தளை. பித்தளை கறுக்கும், பச்சை பூக்கும், ஆனால் இரும்பு மாதிரி துருப்பிடித்துச் சிவப்பாக வழியாது. புளி போட்டுத் தேய்த்தால் பழையபடி வரும். நம் பழைய வீட்டுக் கதவுகளில் பித்தளைக் கொண்டியும் குமிழும் இருந்ததற்கு அழகு மட்டும் காரணமில்லை.

சங்க இலக்கியத்தில் கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் திணை, அதன் உரிப்பொருள் இரங்கல், அதாவது புலம்பி வருந்துவது. கடலோரத்தில் இரும்புக் கிரில் போட்டவர்களுக்கு இது நன்றாகவே பொருந்தும்.

சரி, அலங்காரத்துக்கு வருவோம். வருவதற்கு முன் ஹால், பால்கனி சீலிங்கை ஒருமுறை தட்டிப் பாருங்கள். டொக்டொக் என்று பொள்ளலாகச் சத்தம் வந்தாலோ, கம்பி ஓடுகிற வாக்கில் விரிசல் தெரிந்தாலோ உள்ளே கம்பி துருப்பிடிக்க ஆரம்பித்திருக்கிறது. துரு ஊதி, காரையைப் பிளந்து கீழே தள்ளும். அதற்கு மேல் ஃபால்ஸ் சீலிங் போட்டு மறைப்பதை நான் ஒத்துக்கொள்வதே இல்லை. சுவரில் ஓதம் இருந்தாலும் அப்படித்தான்: மூலத்தைச் சரிசெய்யாமல் வால்பேப்பர் ஒட்டினால் ஒரே மழைக்காலத்தில் உரிந்து தொங்கும்.

வெள்ளை வேண்டும் என்கிறீர்கள். வெள்ளையும் நீலமும் நமக்குப் புதிது இல்லை. பொங்கலுக்கு முன் வெள்ளையடிப்பார்களே, நினைவிருக்கிறதா? சுண்ணாம்பைத் தொட்டியில் கொட்டித் தண்ணீர் விட்டதும் அது சீறிக் கொதிக்கும். சிறுவர்களைக் கிட்டே விடமாட்டார்கள். கடலோர ஊர்களில் கிளிஞ்சலைச் சுட்டெடுத்த சுண்ணாம்பு. ஆறியதும் பழைய வேட்டியில் வடிகட்டி, வேட்டிக்குப் போடுகிற அதே நீலத்தை ஒரு சிட்டிகை கலப்பார்கள். சுவர் நீலமாகாது, சுண்ணாம்பின் பழுப்பு அடங்கி, வெள்ளை பளிச்சென்று நிற்கும். கொஞ்சம் கை தாராளமாகப் போன வீடுகளில் மட்டும் அந்த மங்கலான வான நிறம் வரும். அடிக்கும்போது சுவர் வெறும் ஈரமாகத்தான் தெரியும், காயக் காய வெளுக்கும். இணையப் படங்களில் ‘லைம்வாஷ்’ என்று ஆயிரக்கணக்கில் செலவு வைக்கிறார்களே, அது இதுதான். பழைய மட்டையில் அடித்த கோடுகள்கூட அதில் உண்டு.

உங்கள் ஹாலில் இதை நேரடியாக அடிக்க முடியாது. பட்டி பார்த்து எமல்ஷன் அடித்த சுவரில் சுண்ணாம்பு பிடிக்காது, பொடியாக உதிரும். காரை வெறுமனே தெரியும் சுவர் வேண்டும். பால்கனியின் உள்சுவரைச் சுரண்டி அங்கே மட்டும் செய்யலாம். ஹாலுக்கு மேட் எமல்ஷன் போதும், ஆனால் நான்கு சுவருக்கும் ஒரே வெள்ளை வேண்டாம். கண்ணாடிக் கதவு இருக்கும் சுவர் வெளிச்சத்துக்கு முதுகு காட்டிக்கொண்டு இருப்பதால் எப்போதும் இருட்டாகத் தெரியும். இருக்கிற வெள்ளையில் மிக வெளுத்ததை அங்கே அடியுங்கள், கண்ணுக்கு வேறுபாடு குறையும். அதற்கு எதிர்ச்சுவரில் காலை வெயில் நேராக விழும். அங்கே ஈர மணல் நிறம், அல்லது புதுச்சேரி வீடுகளில் பார்க்கிற காவிமஞ்சளை நன்றாக நீர்க்கச் செய்த மாதிரி ஒன்று. பளபளப்புப் பெயின்ட் எங்கேயும் வேண்டாம்.

இணையப் படங்கள் ஏமாற்றுகிற இன்னொரு இடம், சூரியன். கடல் மேல் செம்மஞ்சள் மாலை வெளிச்சம் உங்களுக்கு வராது. நமக்குக் கடல் கிழக்கே. உதயம் கிடைக்கும், பிற்பகலுக்கு மேல் உங்கள் பால்கனி கட்டடத்தின் நிழலில் இருக்கும், கடல் மட்டும் வெளிச்சமாகத் தெரியும். அந்த மாலை நேரம்தான் அந்த வீட்டின் சொத்து. ஹாலின் விளக்குகளைத் தாழ்வாக, மஞ்சளாக வையுங்கள். சீலிங் முழுக்க வெள்ளை ஸ்பாட்லைட் போட்டால், ஆறரை மணிக்குக் கண்ணாடியில் கடல் மறைந்து உங்கள் சோபாதான் தெரியும்.

காற்றையும் கவனியுங்கள். கோடையில் காலை முழுக்கப் புழுங்கிவிட்டு, நடுப்பகலை ஒட்டிக் கடற்காற்று உள்ளே இறங்கும். கிழக்கே நுழைகிற காற்று வெளியேற மேற்கே ஒரு வழி வேண்டும். அந்த மேற்கு ஜன்னலை மறைத்து ஆளுயரப் புத்தக அலமாரி வைத்த வீடுகள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். பிறகு பகல் இரண்டு மணிக்கு ஏசி ஓடும். பால்கனிக்கும் மேற்கு ஜன்னலுக்கும் இடையே கோடு போட்டால் வருகிற பாதையில் உயரமான எதுவும் கூடாது. அங்கே ஒரு ஊஞ்சல் போடுங்கள். தேக்குப் பலகை, பித்தளைச் சங்கிலி. முன்கூட்டியே கட்டட இன்ஜினியரிடம் சீலிங்கில் கொக்கி போடும் இடத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஊஞ்சலைவிடக் கடலோரத்துக்குப் பொருத்தமான இருக்கை எனக்குத் தெரியவில்லை. அதைப் பார்த்துவிட்டுச் சோபாவே வேண்டாம் என்று சொன்னவர்களும் உண்டு.

ஏசியின் வெளி யூனிட்டை மட்டும் கடலுக்கு நேராக மாட்டவிடாதீர்கள். பக்கச் சுவரில், காற்று மறைவில்.

சோபா வேண்டுமென்றால் உறை கழற்றக்கூடியதாக இருக்கட்டும். வெள்ளை லெதரெட், அதாவது செயற்கைத் தோல், உப்பு ஈரத்தில் பிசுபிசுத்து இரண்டு மூன்று வருடத்தில் உரியும். ஈரோட்டுக் காடாத் துணி, சலவை செய்யாத அந்தப் பழுப்பு வெள்ளை, நம் வெளிச்சத்துக்கு மிகச் சரியான வெள்ளை. தைக்கக் கொடுப்பதற்கு முன் ஒரு ராத்திரி ஊறவைத்து, கஞ்சி போக அலசி, காயவையுங்கள். இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே சுருங்கி, உறை சோபாவுக்குள் ஏறாது. இரண்டு செட் தைத்துக்கொள்ளுங்கள்.

நீலம் குஷனில் வரட்டும், ஆனால் அச்சடித்த நங்கூரப் படம் வேண்டாமே. அவுரி நீலம் நம் கரைக்குச் சொந்தம். புதுச்சேரியிலிருந்து அவுரியில் தோய்த்த நீலத் துணி ‘கினே’ என்ற பெயரில் கப்பல் கப்பலாகச் செனகலுக்குப் போயிருக்கிறது, பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே அதுவே பணம் மாதிரிப் புழங்கியது. இன்றும் அவுரியில் சாயமேற்றிய கைத்தறி கிடைக்கிறது. ஒரே ஒரு எச்சரிக்கை: அது வெயிலில் வெளுக்கும், புதிதில் சாயமும் விடும். முதல் இரண்டு சலவை தனியாக. காலை வெயில் படாத பக்கத்து நாற்காலியில் போடுங்கள். கூடவே நாலு மதராஸ் கட்டம். லுங்கித் துணி என்று முகம் சுளிக்காதீர்கள், உலகமே அதை நம் ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் வாங்குகிறது.

மர வேலையில் இரண்டே விஷயம். மரத்தூளையும் மரநாரையும் அழுத்திச் செய்கிற எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு இரண்டும் இந்த ஈரத்தில் பிஸ்கட் மாதிரி ஊதும். ப்ளைவுட் என்றால் 710 என்ற ஐ.எஸ். எண் (இந்தியத் தர எண்) குத்திய மரைன் ரகம். அதிலும் வெட்டிய விளிம்பை மூடாமல் விட்டால் பிரயோசனமில்லை. இரண்டாவது, அலமாரிக் கதவுகளை முழுக்க அடைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் உள்ளே பூஞ்சணம் பிடித்துத் தோல் பை எல்லாம் வெள்ளை பூக்கும். கதவின் நடுவில் பிரம்புப் பின்னல் வைத்தால் காற்று போய்வரும். பார்க்க நீங்கள் அனுப்பிய படங்களில் இருப்பது போலவே இருக்கும், காரணத்தோடும் இருக்கும். பிரம்புக்கு ஈரக் காற்று எதிரி இல்லை. ரொம்ப வறண்டால்தான் அது நொறுங்கும். அறுந்தால் பின்னிக் கொடுக்க இன்னும் ஆள் இருக்கிறார்கள். பின்னல் வைத்த பழைய சாய்வு நாற்காலி ஒன்று கிடைத்தால் விடாதீர்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் தேடலாம், பேரம் பேசத் தெரிந்தவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு.

படகுப் பலகையில் செய்த மேஜை என்று இப்போது விற்கிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், அதனால் வீட்டுக்குள் வைத்து உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். குழந்தை இருக்கிற வீட்டுக்கு வேண்டாம் என்பேன்.

தரையில் இருக்கிற டைல்ஸ் இருக்கட்டும். ஆத்தங்குடிக் கல் எனக்கு மிகப் பிடிக்கும். கண்ணாடி மேல் நிறத்தை ஊற்றி, சிமென்ட் போட்டு, நீரில் ஊறவைத்து எடுக்கிற அந்த வேலையை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஆனால் அடுக்குமாடியில் பழைய தரை மேல் அதைப் பதித்தால் கனமும் உயரமும் கூடும், கதவு எல்லாம் அறுக்க வேண்டிவரும். ஆசைக்குப் பால்கனியில் மட்டும், பழைய டைல்ஸைப் பெயர்த்துவிட்டுப் போடுங்கள். ஆசிட் கலந்த கிளீனர் மட்டும் அதன் மேல் படக் கூடாது. ஹாலில் கோரைப் பாய். பத்தமடைப் பாய் என்றால் சுவரில் மாட்டினாலும் தகும். சணல் கம்பளம் வேண்டவே வேண்டாம், மழைக்காலத்தில் நனைந்த சாக்கு வாசனை வரும். நார் வேண்டுமென்றால் தென்னை நார். உப்புத் தண்ணீரையே தாங்குகிற நார் அது. மணப்பாட்டில் பின்னுகிற பனையோலைப் பெட்டிகளும் அதே ஜாதி. நியூஸ்பேப்பர், விளையாட்டுச் சாமான், ரிமோட் எல்லாவற்றுக்கும் ஆகும்.

செடி வைப்பீர்கள் என்றால் நித்தியகல்யாணி, காகிதப்பூ, மருள், கற்றாழை. உப்புக் காற்றுக்கு இவை அசையாது. படத்தில் இருக்கும் ஃபிடில் இலைச் செடியைப் பால்கனியில் வைத்தால் ஓரம் கருகும்.

கிளிஞ்சல் ஜாடியைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. கரையில் நடக்கும்போது நீங்களே பொறுக்கிய சாதாரணச் சிப்பி சரி. கடையில் பவளம், கடல் விசிறி, நாட்டிலஸ் சங்கு, காய்ந்த கடல் குதிரை என்று எடுத்துக் காட்டினால் தொடாதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2001-இல் இவை சேர்க்கப்பட்டுவிட்டன, வைத்திருப்பதே குற்றம். சட்டத்தை விடுங்கள். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி இரண்டும் இன்று தண்ணீருக்கு அடியில். சுற்றியிருந்த பவளப்பாறைகளைச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வெட்டி எடுத்ததை அதற்கு ஒரு முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். அந்தப் பவளத்தை ஜாடியில் போட்டு டீப்பாய் மேல் வைக்க எனக்கு மனசு வராது.

நங்கூரத்தை நீங்களே விட்டுவிடுவீர்கள் என்று நினைக்கிறேன்.

கடைசியாக, வாங்கிவிட்ட அந்தக் கண்ணாடி. முதலில் கயிற்றை முகர்ந்து பாருங்கள். சணல் என்றால் பிரித்துவிட்டு, மெல்லிய தென்னங்கயிற்றைச் சுற்றுங்கள். அரை நாள் வேலை. பின்பக்க விளிம்பில் நகப்பூச்சு ஒரு கோட் ஓட்டிவிடுங்கள், உப்பு ஈரம் ஏறி ஓரம் கறுப்பது கொஞ்சம் தள்ளிப்போகும். பிறகு அதைப் பால்கனிக்கு எதிரே, அந்த மணல் நிறச் சுவரில், நடுவில் வேண்டாம், ஒரு பக்கமாக ஒதுக்கி மாட்டுங்கள். நடுவில் மாட்டினால் காலை வெயில் பட்டுச் சோபாவில் உட்கார்ந்தவர் முகத்தில் அடிக்கும். ஆணி அடிப்பதற்கு முன், ஒருவரைக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நீங்கள் கிச்சன் மேடையருகே போய் நில்லுங்கள். அங்கிருந்து பார்த்தால் கண்ணாடிக்குள் கடல் தெரிகிற இடம் ஒன்று அகப்படும். அங்கே பென்சிலால் புள்ளி வையுங்கள்.